27-இல் ஒன்று

அன்புள்ள மூர்த்தி,

மூன்று மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம்.

“நல்லா இருந்தா வித்திருக்காதா?” என்று ஒரே வரியில் அமெரிக்கப் பாடகர்களான டிலேனி–பானி பிராம்லெட் தம்பதியின் ‘ஹோம்’ ஆல்பத்தை ஓரங்கட்டிவிட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அது விற்காததற்கும் பாட்டுக்கும் சம்பந்தமே கிடையாது, ராசா.

1968-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டூடியோவில் பதிவானது. வாசித்தது ஸ்டாக்ஸின் ஆஸ்தான வாத்தியக் குழுவான புக்கர் டி. குழு. தயாரிப்பில் டான் நிக்ஸுடன் அந்தக் குழுவின் பேஸ் கிடார்காரர் டக் டன். அதே வருஷம்தான் ஸ்டாக்ஸ் தலையில் இடி விழுந்தது. 1965-இல் அட்லான்டிக் என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தை முதலாளி ஜிம் ஸ்டூவர்ட் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். பிரியும்போது பார்த்தால், அட்லான்டிக் விநியோகித்த பழைய பதிவுகளின் உரிமை அவர்கள் கையில்! ஸ்டாக்ஸின் பெரிய நட்சத்திரம் ஓடிஸ் ரெடிங் 1967 டிசம்பரிலேயே விமான விபத்தில் போய்விட்டார். இன்னொரு நட்சத்திர ஜோடியான சாம் அண்ட் டேவும் அட்லான்டிக் பக்கம் திரும்பிவிட்டார்கள். காலியான கடையை நிரப்ப ஸ்டாக்ஸ் நிர்வாகி ஆல் பெல் 1969 நடுவில் 27 ஆல்பங்களை ஒரேயடியாக இறக்கினார். ‘ஹோம்’ அதில் ஒன்று. எந்த ரேடியோக்காரன் 27-ஐயும் கேட்பான்? அந்த 27-இல் ஐசக் ஹேய்ஸின் ‘ஹாட் பட்டர்டு சோல்’, மொத்தமே 4 பாட்டு, பிய்த்துக்கொண்டு போனது. போதாக்குறைக்கு அதே வருஷம் எலெக்ட்ரா என்ற வேறு கம்பெனியில் தம்பதியின் அடுத்த ஆல்பம். தங்கள் சரக்குக்குத் தாங்களே போட்டி.

குறை இல்லாமல் இல்லை. பாதிக்கு மேல் ஸ்டாக்ஸ் ஆட்கள் கைவண்ணம் மாதிரியே இருக்கும். ஆனால் அந்தக் குரல்கள்! ஜோடிப் பாட்டில் முதல் தலைவலி சுருதி. ஆணுக்கு வசதியாக வைத்தால் பெண் குரல் அடியில் போய் வலு இழக்கும். பெண்ணுக்கு வைத்தால் அவன் கத்த வேண்டிவரும். பானி கொஞ்ச நாள் ஐக் அண்ட் டினா டர்னர் குழுவில் ஐகெட்டாக, அதாவது பின்னணிப் பாடகியாக, பாடியவள், கனமான குரல். டிலேனி மேலே ஏறக்கூடியவர். அதனால் இரண்டு பேரும் ஒரே உயரத்தில் முட்டிக்கொள்ள முடிகிறது. ஸ்டூடியோ இருந்த இடமும் கைகொடுத்தது: பழைய சினிமா தியேட்டர், சரிவான தரையை அப்படியே விட்டிருந்தார்கள். தரையும் கூரையும் இணையாக இல்லாததால் ஒலி மேலும் கீழும் எகிறி இரையவில்லை.

உன் தங்கையையும் மாப்பிள்ளையையும் பதிவு செய்யப் போகிறாய் அல்லவா? இரண்டு பக்கமும் வாங்கும் ஃபிகர்-எய்ட் மைக் ஒன்றை நடுவில் வை. எதிரெதிரே, ஆளுக்கு ஒரு அடி தள்ளி நிற்கட்டும். சத்தமாகப் பாடுபவரை அரை அடி பின்னால் தள்ளு, மாப்பிள்ளையாகவே இருந்தாலும். இரண்டு மைக் வைத்தால், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளி மைக்குகளுக்கு நடுவே வேண்டும். இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டிலும் முன்பின்னாக விழுந்து, பானைக்குள் பாடியதுபோல ஆகிவிடும். ஒரே மைக் என்றால், ஒருவர் பிசகினாலும் இரண்டு பேரும் மறுபடி பாட வேண்டும். பாடட்டுமே.

ஹெட்போனை எப்போது திருப்பித் தருவாய்?

உன்,
சேகர்