ஸ்னோ ப்ளோயர் செய்யிற கம்பெனிகளுக்கும் அதோட மேனுவலை எழுதுறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க,

பனியை வாரி ஓரமா வீசுற உங்க ஸ்னோ ப்ளோயர் மெஷினோட மேனுவல்ல கடைசி பக்கங்கள்ல ஒரு டேபிள் வரும், "எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை"ன்னு. அதைப் பத்திதான் இந்த மடல். அதுல சேஃப்டி சாவி போடலை, பெட்ரோல் இல்லை, சோக் போடலை, ப்ளக் வயர் கழண்டிருக்கு, பெட்ரோல் பழசுன்னு எல்லாத்தையும் ஒரே மாதிரி வரிசையா அடுக்கிட்டு, பாதி வரிக்கு எதிர்ல "அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும்"னு முடிச்சிடுறீங்க. முழங்கால் அளவு பனி கொட்டிக் கிடக்கு, கார் வெளிய வராது, வர வைக்கத்தான் இந்த மெஷினே, இதுல மெஷினை எதுல ஏத்தி எந்த சென்டருக்குக் கொண்டு போறதுன்னு எழுதினவர் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்க மாட்டாரா?

சாவி, சோக், பெட்ரோல் வால்வு, வேகத்தைக் கூட்டுற த்ரோட்டில் லீவர் 'வேகம்'னு காட்டுற முயல் படத்துக்கிட்ட இருக்கா இதெல்லாம் ஒரு நிமிஷத்துல பாத்துடலாம், அதுல தகராறு இல்லை. எல்லாம் சரியா இருந்தும் ஸ்டார்ட் பண்ற கயிறை இழுத்து இழுத்து தோள்பட்டை போச்சுன்னா, பெரும்பாலும் ஆள் யாருன்னு உங்களுக்கே தெரியும்: போன சீசன்ல மிச்சம் வச்ச பெட்ரோல். பெட்ரோல் 30 நாள்லயே கெட ஆரம்பிச்சுடும்னு நீங்களேதான் எழுதுறீங்க, ஆனா எங்க எழுதுறீங்க, சீசன் முடிஞ்சு மெஷினை மூடி வைக்கிற அத்தியாயத்துல. அதை யாருங்க படிக்கிறா? பனி நின்னாலே மெஷினை ஒரு மூலையில தள்ளிட்டு மறந்துடுறதுதான் மனுஷ இயல்பு. டேங்க்ல இருக்கிற 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் கோடை முழுக்க ஈரத்தை இழுத்துக்கிட்டு, பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டரோட அடிக் கிண்ணத்துல இருக்கிறது ஆவியாகி பிசினா படிஞ்சு, பெட்ரோல் போற ஊசித் துவாரம் மாதிரி இருக்கிற ஜெட்டை அடைச்சுடுது. அதுக்கப்புறம் டேங்க்ல புது பெட்ரோலை ஊத்தினாலும் பிரயோஜனம் இல்லை, ஏன்னா அடைப்பு கீழ இருக்கு, இந்த ஒரு வரியைக் கூட அந்த டேபிள்ல காணோம்.

இன்னொரு அடையாளமும் இருக்கு, மெக்கானிக் எல்லாருக்கும் தெரியும், உங்க டேபிளுக்கு மட்டும் தெரியாது. சோக் போட்டா ஓடுது, சோக்கை விட்டா நின்னுடுதுன்னா ஜெட் பாதி அடைஞ்சிருக்குன்னு அர்த்தம். கிண்ணத்துக்கு அடியில இருக்கிற ஒரே போல்ட்டைக் கழட்டி பழசை வடிச்சாலே பல மெஷின் உயிர் பெறும், சில மாடல்ல மெயின் ஜெட்டே அந்த போல்ட்டுக்குள்ளதான் இருக்கு, மெல்லிசு கம்பியால ஒரு குத்து குத்தினா போதும். ஆனா அந்த போல்ட்டை எட்டறது இருக்கே! கார்புரேட்டர் உறைஞ்சு போகாம இருக்க ஒரு கவர் போட்டு மூடியிருக்கீங்க, நல்ல விஷயம்தான், அதுக்காக சோக் குமிழை உருவி, சாவியை எடுத்து, திருகாணி எல்லாம் கழட்டி பனியில தொலைச்சாதான் கிண்ணமே கண்ணுல படும்னா எப்படி? கவருக்கு அடியில கை நுழையுற மாதிரி ஒரு ஓட்டையும், கிண்ணத்துல ஒரு வடிகால் திருகும் எல்லா மாடல்லயும் வைங்க. உங்கள்ல சிலர் ஏற்கனவே வச்சிருக்கீங்க, அதனால முடியாதுன்னு மத்தவங்க சொல்ல வேண்டாம்.

அடுத்தது ப்ளக். "ஸ்பார்க் ப்ளக்கைப் பரிசோதிக்கவும்"னு போடுறீங்களே, பரிசோதிச்சு என்னத்தைப் பாக்கிறது? கொஞ்ச நேரம் இழுத்துட்டு கழட்டிப் பாருங்க, காஞ்சிருந்தா பெட்ரோல் வரலை, அப்ப வால்வு, ஸ்டார்ட் பண்ண முன்னாடி பெட்ரோல் ஏத்த அமுக்குற பிரைமர் பல்புலேந்து போற டியூப்ல விரிசல், டேங்க் மூடியோட காத்துத் துவாரம்னு தேடணும் (மூடியை லேசா தளர்த்தினதும் ஓடினா துவாரம்தான் அடைப்பு). நனைஞ்சிருந்தா வெள்ளமா ஊத்திடுச்சு, தொடைச்சுட்டு கொஞ்ச நேரம் விட்டு சோக் இல்லாம இழுங்க. நனைஞ்சும் ஸ்டார்ட் ஆகலைன்னா டெஸ்டர் மாட்டி ஸ்பார்க் வருதான்னு பாக்கணும். இவ்வளவுதான், நாலே வரி. ப்ளக் கழட்டுற ரெஞ்சையும் பெட்டியில போட்டுடுங்க, கப் ஹோல்டர் எல்லாம் எங்களுக்கு வேண்டாம்.

கயிறே கனமா இருக்குன்னா அது வேற கதை, புல்வெட்டிக்கு வாங்கின எஸ்ஏஇ 30 ஆயிலை இதுலயும் ஊத்தியிருப்பாங்க, குளிர்ல அது கெட்டியாயிடும், 5டபிள்யூ-30 தான் வேணும்னு ஆயில் மூடியிலயே அச்சடிச்சா என்ன குறைஞ்சு போச்சு.

எச்சரிக்கைப் பக்கங்களை குறைக்கச் சொல்லலைங்க. பனியை வெளிய வீசுற குழாய் அடைச்சுக்கிட்டா அதுல கையை விட்டு விரல் போறது நிஜம், எஞ்சின் நின்னப்புறமும் உள்ள இழுவிசை மிச்சம் இருக்கும். ஆனா ஸ்டார்ட் ஆகலைன்னா ஆளுங்க முதல்ல செய்யிறது மெஷினை கராஜுக்குள்ள தள்ளி அங்கேயே ஓட வச்சுப் பாக்கிறதுதான், கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ள சேரும். அந்த வரி முன்னாடி எங்கேயோ கிடக்கு, அது இந்த டேபிளுக்கு மேலயே இருக்கணும். எஞ்சின் சட்டுனு பத்திக்க அடிக்கிற ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை அடிக்காதீங்கன்னும் போடுறீங்க, ஏன்னு சொல்லுங்க: டூ ஸ்ட்ரோக் எஞ்சினா இருந்தா ஆயில் கலந்த பெட்ரோல்தான் உள்ள வழவழப்பு, ஸ்ப்ரேயில அது கிடையாது. காரணம் தெரிஞ்சா கேப்பாங்க.

கடைசியா, இதையெல்லாம் மறுபடி மேனுவலுக்குள்ளயே வச்சு மூடாதீங்க. கைப்பிடிக்குக் கீழ, நிக்கிற ஆளு கண்ணுல படுற இடத்துல, பெரிய எழுத்துல ஒரு ஸ்டிக்கரா ஒட்டுங்க. க்யூஆர் கோடு போட்டு வேலையை முடிச்சிடாதீங்க, கிளவுஸ் போட்ட விரலுக்கு போன் ஸ்கிரீன் அசையாது, கழட்டினா விரல் அசையாது.

இப்படிக்கு,
மேனுவலை முழுசா படிச்ச ஒரு கஸ்டமர்