செயலாளரின் ஆண்டறிக்கை, 2013

நம் சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தப் பாஸ்டன் பனியிலும் வந்து சேர்ந்த உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை மின்னஞ்சலில் போகும். அவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும், ஏனென்றால் இதில் பாதி அவர்களைப் பற்றியதுதான்.

முதலில் வழக்கமான சங்கதிகள். பொங்கல் விழா ஜனவரியில் பள்ளி அரங்கில் நடந்தது. சர்க்கரைப் பொங்கல் போதவில்லை. பிப்ரவரி 9ஆம் தேதி வைத்திருந்த செயற்குழுக் கூட்டம் பனிப்புயலால் நடக்கவில்லை. சாலையில் வண்டியே ஓட்டக் கூடாது என்று ஆளுநர் தடை போட்டிருந்ததால், ஆண்டிலேயே இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் யாரும் செயலாளரைக் குறை சொல்லவில்லை. விஜய வருடப் பிறப்பு விழா ஏப்ரல் 27இல் நடந்தது. கோடைப் பிக்னிக்கில் மழை. தமிழ்ப் பள்ளி நடக்கிறது, ஆசிரியர்களுக்கு நன்றி.

இனி ஏப்ரல் 20. இதைப் பற்றி ஆண்டு முழுக்க வாட்ஸாப்பிலும், கோயில் வாசலிலும், என் முதுகுக்குப் பின்னாலும் நிறையப் பேசியாகிவிட்டது. பதிவேட்டிலும் ஒருமுறை ஏறிவிடட்டும்.

பேஸ்பால் ஆட்டம் பார்க்கக் குடும்பங்களாகப் போகலாம் என்பது என் யோசனைதான், மறுக்கவில்லை. பத்து, பதினைந்து வருடமாக இந்த ஊரில் இருந்துகொண்டு ஃபென்வே பார்க் மைதானத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். "கிரிக்கெட்டாக இருந்தால் வரலாம், இதில் பந்தை அடித்தால் ஓடுகிறார்கள், அடிக்காவிட்டாலும் நடக்கிறார்கள்" என்று ஒரு மூத்த உறுப்பினர் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. நம் ஊர் அணியான ரெட் சாக்ஸ் 2012இல் 93 ஆட்டம் தோற்றுத் தங்கள் பிரிவில் கடைசி இடம் பிடித்திருந்தது. அதனால்தான் ஒரே பகுதியில் சேர்ந்தாற்போல் 30 இடம் கிடைத்தது. ஒன்று 28 டாலர். பெயர் கொடுத்தவர்கள் பணம் பிறகு தருகிறோம் என்றதால் என் கிரெடிட் கார்டில் வாங்கினேன். இங்கேதான் தவறு செய்தேன் என்று என் மனைவி சொல்கிறார்.

ஏப்ரல் 15 திங்கட்கிழமை என்ன நடந்தது என்று இந்த அவையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆஷ்லாண்ட் லட்சுமி கோயில் இருக்கும் 135ஆம் எண் சாலை வழியாகத்தான் பாஸ்டன் மாரத்தான் போகிறது. நம் உறுப்பினர்கள் ஏழெட்டுப் பேர் வழக்கம்போல் ஆரஞ்சுச் சுளைகளோடு அங்கே நின்றார்கள். நம்மவர் ஒருவரும் அன்று ஓடினார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஃப்ரேமிங்ஹாம் உறுப்பினர் என்று வைத்துக்கொள்வோம். அவர் எங்களைக் கடக்கும்போது கையசைத்தார், படம்கூட எடுத்தோம். பிற்பகல் 2.49க்குப் பாய்ல்ஸ்டன் தெருவில் முடிவுக்கோட்டுக்கு அருகே அடுத்தடுத்து இரண்டு குண்டுகள். மூன்று பேர் இறந்தார்கள். 260க்கும் மேற்பட்டவர்கள் காயம்பட்டார்கள், அதில் கால் இழந்தவர்கள் பலர். நம்மவரைக் கடைசி ஒரு மைலில், கென்மோர் பக்கம் நிறுத்திவிட்டார்கள். போன் போகவில்லை. இரவு எட்டரைக்கு வீட்டுக்கு வந்து சேரும் வரை அவர் மனைவிக்கு யாரும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. அன்று மாலை எங்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை.

மறுநாள் இரவு தொலைபேசியில் அவசரச் செயற்குழு கூடியது. ஆட்டத்துக்குப் போவதா, விடுவதா? "இழவு விழுந்த ஊரில் விளையாட்டா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் ஊரில் தெருவில் சாவு என்றால் கோயில் திருவிழாவையே நிறுத்திவைப்பார்கள். இன்னொருவர் வேறு மாதிரி சொன்னார்: "பழுப்புத் தோலும் தோளில் பையுமாகக் கூட்டத்துக்குள் போகச் சொல்கிறீர்களா?" அதற்கும் பதில் இல்லை. அந்த வாரம் சம்பந்தமே இல்லாத பழுப்பு நிற இளைஞர்களின் படங்களை இணையத்தில் போட்டு இவன்தான், அவன்தான் என்று அலைந்தார்கள். தீர்மானம் ஒன்றும் நிறைவேறவில்லை. "அவரவர் விருப்பம்" என்று முடித்தோம். செயற்குழு கைகழுவுவதற்கு வைத்திருக்கும் சொல் அது.

அப்புறம் வெள்ளிக்கிழமை, குண்டு வைத்தவனைத் தேடிய நாள். பாஸ்டன், கேம்பிரிட்ஜ், நியூட்டன், வாட்டர்டவுன், வால்தம் என்று என் வீடு இருக்கும் ஊர் உட்பட எல்லாரையும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கச் சொன்னார்கள். ரயில், பஸ் எதுவும் இல்லை. அன்றைய ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. வாட்டர்டவுனில் ஒரு வீட்டுக் கொல்லையில் நிறுத்தியிருந்த படகுக்குள் ஒளிந்திருந்தவனைப் பிடித்தது இரவு ஒன்பதை ஒட்டித்தான். மறுநாள் ஆட்டம் உண்டு என்று தெரிந்ததும் முப்பது பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். இரவில் அனுப்பினால் யார் பார்ப்பார்கள் என்று பின்னால் கேட்டார்கள். காலை ஏழு மணிக்கு ஒவ்வொருவருக்கும் போன் செய்ததை யாரும் சொல்வதில்லை.

வந்தவர்கள் பதினேழு பேர்.

ரிவர்சைடு நிலையத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு, பை கொண்டுபோக வேண்டாம் என்று அங்கேயே காருக்குள் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டோம். ரயிலில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கென்மோரில் இறங்கிப் படியேறி வெளியே வந்ததும் ஃப்ரேமிங்ஹாம் உறுப்பினர் நின்றுவிட்டார். "இங்கேதான் நிறுத்திட்டாங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நேரமாகிறது, வாங்க" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நல்லவேளை, அவர் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் ஒவ்வொருவராகச் சோதித்தார்கள். என்னைச் சோதித்த காவலர் "வந்ததற்கு நன்றி" என்றார். முந்தின நாள் முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார் என்று முகத்தில் தெரிந்தது. கையில் மிச்சம் இருந்த 13 டிக்கெட்டில் ஐந்தை வெளியே நின்ற கல்லூரி மாணவர்களுக்குச் சும்மா கொடுத்தேன். சங்கச் சொத்தை இலவசமாகக் கொடுக்க அதிகாரம் உண்டா என்று தணிக்கையின்போது கேட்டார்கள். அது சங்கச் சொத்து அல்ல, என் கிரெடிட் கார்டின் சொத்து என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஃபென்வே பார்க்கில் முதல் அதிகாரபூர்வ ஆட்டம் நடந்தது 1912 ஏப்ரல் 20. அதே தேதியில், 101 வருடம் கழித்து, இடது பக்கம் 37 அடி உயரத்துக்கு நிற்கும் அந்தப் பச்சைச் சுவரை மறைத்து ஒரு பெரிய தேசியக் கொடி இறங்கியது. மௌனம் அனுசரித்தபோது அத்தனை ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் ஒரு குழந்தை அழுவது எங்கோ மேல் வரிசையிலிருந்து கேட்டது. காவல்துறையினரும் மருத்துவ உதவி செய்தவர்களும் புல்தரைக்கு வந்தார்கள். முதல் பந்து வீசும் சடங்குக்கு வந்தவர்களில் டிக் ஹாய்ட்டும் மகன் ரிக்கும் இருந்தார்கள். சக்கர நாற்காலியில் மகனை வைத்துத் தள்ளிக்கொண்டே வருடா வருடம் மாரத்தான் ஓடிவந்த அப்பா. அவர்களுக்கும் நாம் ஆரஞ்சு நீட்டியிருக்கிறோம்.

வழக்கமாக வீரர்களின் வெள்ளைச் சட்டையில் ரெட் சாக்ஸ் என்று இருக்கும். அன்று பாஸ்டன் என்று இருந்தது. காயத்தால் அதுவரை ஆடாமல் இருந்த டேவிட் ஓர்டிஸ் ஒலிவாங்கியைப் பிடித்தார். இந்தச் சட்டையில் இருப்பது ரெட் சாக்ஸ் இல்லை, பாஸ்டன் என்றார். நன்றி சொன்னார். பிறகு இது நம்முடைய ஊர் என்றார். இடையில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். அரங்கமே எழுந்து கத்தியது. நாங்களும் கத்தினோம். அவர் டொமினிகன் குடியரசில் பிறந்தவர். "நம்முடைய ஊர்" என்று அந்த உச்சரிப்பில் கேட்டபோது, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் எனக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தது.

இது பற்றி எழுத்து மூலம் ஒரு புகார் வந்திருக்கிறது: பிள்ளைகள் காதில் அந்த வார்த்தை விழும்படி செய்ததற்குச் செயலாளர் விளக்கம் தர வேண்டுமாம். புகார் தந்தவர் ஆட்டத்துக்கு வரவில்லை. இருந்தாலும் விளக்கம் தருகிறேன். ஒலிபரப்பில் இப்படிப்பட்ட சொல்லுக்கு அபராதம் போடும் அரசு ஆணையத்தின் தலைவரே, அவர் மனதிலிருந்து பேசினார், நான் அவர் பக்கம் என்று அன்றே ட்விட்டரில் எழுதிவிட்டார். அதற்கு மேல் அதிகாரம் இந்தச் சங்கத்துக்கு இல்லை.

ஆட்டம் எதிரணியான கான்சாஸ் சிட்டி பக்கம் சாய்ந்திருந்தது. எட்டாவது இன்னிங்ஸ் நடுவில் அங்கே எப்போதும் ஒலிபரப்பும் ஸ்வீட் கரோலைன் பாட்டை, முன்னறிவிப்பு இல்லாமல் அதன் பாடகர் நீல் டயமண்டே வந்து மைதானத்தில் நின்று பாடினார். வார்த்தை தெரியாதவர்கள் "பம் பம் பம்" மட்டும் பாடினோம். அது முடிந்த கையோடு நம் அணியின் டேனியல் நாவா அடித்த பந்து வலது பக்கம் வேலியைத் தாண்டியது. ஹோம் ரன், மூன்று ஓட்டம். ஃப்ரேமிங்ஹாம் உறுப்பினர் அதுவரை கைதட்டக்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தவர். எழுந்து நின்றார், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பக்கத்தில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளில் கை போட்டார். எதற்கு என்று கேட்கவே இல்லை. 4-3 என்று ஜெயித்தோம்.

இழவு வீட்டில் விளையாட்டா என்று கேட்டவருக்கு: அன்று நான் பார்த்தது துக்கம் கேட்கப் போன இடம் மாதிரிதான் இருந்தது. தெரியாதவர்கள் கட்டிக்கொண்டார்கள். நடுவில் பந்தும் ஆடினார்கள்.

சரி, கணக்கு. முழு விவரத்தைப் பொருளாளர் தனியாக வைப்பார். சுருக்கமாக: வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக வந்திருக்கிறது, அரங்க வாடகை கூடியிருக்கிறது, கையிருப்பு போன வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு, பயப்படும்படி இல்லை. பாதிக்கப்பட்டவர்களுக்காக ஆளுநரும் மேயரும் தொடங்கிய ஒன் ஃபண்ட் நிதிக்கு, வருடப் பிறப்பு விழாவில் உண்டியல் வைத்துச் சேர்த்ததை அனுப்பிவிட்டோம். அந்த நிதி 6 கோடி டாலரைத் தாண்டியது என்றால் அதில் நம் உண்டியலும் உண்டு.

டிக்கெட் கணக்கு மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். வராத 13 பேரில் நால்வர் அடுத்த வாரமே பணம் கொடுத்துவிட்டார்கள். ஒன்பது பேர் இன்னும் தரவில்லை. 252 டாலர். பயந்து வராமல் இருந்ததை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டிலேயே பாதிப் பேர் வரவில்லை. பயத்துக்கும் பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் என் கேள்வி. ஆண்டுச் சந்தா 40 டாலரையும் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் செலுத்தவில்லை. ஹோம் ரன் அடித்த அந்த நாவாவை ரெட் சாக்ஸ் ஒரு சிறு அணியிடமிருந்து ஒரே ஒரு டாலருக்கு வாங்கியதாம். அந்த ஒரு டாலரை அவர்கள் உடனே கொடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. போன வருடம் கடைசி இடத்தில் இருந்த அதே அணி அக்டோபர் 30இல் பேஸ்பாலின் உச்சப் பட்டமான உலகத் தொடரை வென்றது. சொந்த மைதானத்தில் அப்படி ஜெயித்தது 1918க்குப் பிறகு இப்போதுதான். வெற்றி ஊர்வலம் நவம்பர் 2, சனிக்கிழமை. நம் தீபாவளியும் அன்றே. மாலை ஐந்து மணிக்கு விழா என்று ஒரு மாதம் முன்பே அறிவித்திருந்தேன். குத்துவிளக்கு ஏற்றும்போது அரங்கில் இருந்தவர்கள் இருபதுக்கும் குறைவு. ஏழு மணிக்கு மேல் சிவப்புத் தொப்பியோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள், "கிரிக்கெட்டாக இருந்தால் வரலாம்" என்ற மூத்த உறுப்பினர் உட்பட. ஊர்வலம் மாரத்தான் முடிவுக்கோட்டில் நின்றதையும், கோப்பையை அந்தக் கோட்டின் மேல் வைத்து 617 என்று பொறித்த சட்டையைப் போர்த்தியதையும் எனக்கே விவரித்தார்கள். நான் மேடைக்குப் பின்னால் வடை எண்ணிக்கொண்டிருந்தேன். 617 என்பது பாஸ்டனின் தொலைபேசிக் குறியீடு என்றும் எனக்கு விளக்கினார்கள்.

அரங்கம் தந்த பள்ளிக்கும், காபி போட்டவர்களுக்கும், ஒலிபெருக்கியைச் சரிசெய்த இளைஞர்களுக்கும், தலைவருக்கும், துணைத்தலைவருக்கும், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. மூன்று வருடம் செயலாளராக இருந்துவிட்டேன். வேறு யாராவது முன்வந்தால் இன்றைக்கே கோப்புகளைக் கொடுத்துவிடத் தயார். முன்வராவிட்டால் என்ன ஆகும் என்பது போன வருடமே தெரிந்ததுதான்.

பாதியில் நிறுத்தப்பட்ட ஓட்டக்காரர்களுக்கு 2014 மாரத்தானில் இடம் உறுதி என்று அறிவித்திருக்கிறார்கள். ஃப்ரேமிங்ஹாம் உறுப்பினர் பெயர் கொடுத்துவிட்டார். பனியிலும் காலை ஐந்து மணிக்கு ஓடிப் பழகுகிறார், நானே பார்த்தேன். மாரத்தான் ஏப்ரல் 21. கோயில் பக்கம் நிற்க, ஆரஞ்சு உரிக்க, முடிவுக்கோட்டுக்கு அவர் குடும்பத்தை அழைத்துப்போக ஆட்கள் வேண்டும். பெயர் எழுதும் தாள் காபி மேசையில் இருக்கிறது, பேனாவைக் கட்டி வைத்திருக்கிறேன். அதே மேசையில் பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.