சோழவந்தான் வீட்டுக் கதவை விற்றுவிடாதே

திருநகர், மதுரை – 6
ஆனி 22

அன்புள்ள சோமு,

உன் தை மாதக் கடிதத்துக்கு ஆனி மாதத்தில் பதில் எழுதுகிறேன். சொல்லிக்கொள்ளச் சமாதானம் ஒன்றும் என்னிடம் இல்லை. கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. வீட்டில் எல்லோரும் நலம். கமலாவின் முழங்கால் வலி முன்னைவிடக் குறைந்திருக்கிறது. சேதுவின் இளைய மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை உனக்கும் வரும். இந்த முறையாவது கடைசிப் பந்திவரை காத்திருக்காமல் என்னோடு உட்கார்ந்து சாப்பிடு. ராஜாமணி இன்னமும் அதே சைக்கிளில் வருகிறான். அதே கேள்வியைத்தான் கேட்கிறான்.

இத்தனை நாள் எழுதாதவன் இன்று உட்கார்ந்ததற்குக் காரணம், நேற்று உன் தம்பி தொலைபேசியில் சொன்ன செய்தி. சோழவந்தான் வீட்டை இடிக்கப் போகிறீர்களாம். கதவு, நிலை, உத்தரம் எல்லாவற்றையும் பழைய மரம் வாங்குகிறவரிடம் மொத்தமாக விலை பேசியாகிவிட்டதாம். வீட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது உங்கள் குடும்பத்துக் காரியம். சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் முன்வாசல் கதவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது உனக்கு விளங்க வேண்டுமென்றால், இந்த மூன்று மாதமாக எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் கூடத்து ஊஞ்சல் உனக்கு மறந்திருக்காது. நீயும் சேதுவும் தாத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அதன்மேல் உட்கார்ந்துதான். பங்குனிக் கடைசியில் ஒருநாள் நள்ளிரவில் அந்தப் பலகை வெடித்தது. கமலா அடுக்களையில் பானை உடைந்ததென்று நினைத்து எழுந்து ஓடினாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால், அறுபது ஆண்டுகளுக்கு மேல் கீறல் விழாமல் இருந்த தேக்குப் பலகையில் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை ஒரு விரிசல், விரல் நகம் நுழையும் அகலத்தில். அன்றிரவு நான் தூங்கவில்லை.

சென்ற ஐப்பசியில்தான் அதைப் பழுது பார்த்திருந்தேன். பலகைக்கு அடியில் இருந்த குறுக்குச் சட்டங்கள் இரண்டும் உளுத்துவிட்டன என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் அவற்றை எடுத்துவிட்டு இரும்பு ஆங்கிள் வைத்து, பன்னிரண்டு ஸ்குரூ போட்டு இறுக்கிக் கொடுத்தார்கள். முன்பைவிட உறுதியாகிவிட்டது என்று நானும் மகிழ்ந்தேன். அந்த உறுதிதான் பலகையை உடைத்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் வந்த மைத்துனர் மகன் தன் கைபேசியில் இன்ஸ்டாகிராமைத் திறந்து, எங்கோ ஓர் ஊரில் இதேபோல் வெடித்துக் கிடந்த மேசைப் பலகையின் படத்தைக் காட்டினான். அதன் கீழே ஒரு தச்சர் காரணத்தை விளக்கியிருந்தார். அந்த ஒரு பக்கத்தைப் படித்ததிலிருந்து நான் வேறு ஆளாகிவிட்டேன், சோமு. அவர் தாம் மதிக்கும் இன்னொரு தச்சரைச் சுட்டியிருந்தார், அவர் வேறொருவரை. உளி பிடித்த கையாலேயே எழுதவும் செய்கிற மனிதர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இரவு பத்து மணிக்குமேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர்களைப் படிப்பதுதான் இப்போது என் வேலை.

பலகை வெடித்த கதை இதுதான். மரம் வெட்டுப்பட்ட பிறகும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. நீளவாக்கில் அது அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம்; அகலவாக்கில்தான் உப்பிச் சுருங்கும். பச்சைத் தேக்கு முற்றிலும் காயும்போது, வருட வளையங்களின் போக்கிலேயே சுமார் 5.8 சதவீதம் சுருங்குகிறது; நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் அதில் பாதிகூட இல்லை, 2.5 சதவீதந்தான். எங்கள் பலகை 22 அங்குல அகலம். ஐப்பசி மழைக்கும் பங்குனி வெயிலுக்கும் இடையில் மரத்தின் ஈரம் நான்கு சதவீதம் குறைந்தது என்று வைத்துக்கொண்டால், அகலத்தில் நான்கு மில்லிமீட்டர் சுருங்கியாக வேண்டும். இரும்போ இம்மியும் விட்டுக்கொடுக்காது. மழைக்காலத்தில் உப்பியிருந்த மரத்தைப் பன்னிரண்டு இடத்தில் கட்டிப்போட்டுவிட்டு, வெயில் காலத்தில் அது சும்மா இருக்கும் என்று எதிர்பார்த்தோம்.

எனக்கு இன்னும் தாளாதது வேறொன்று. உளுத்துப்போன அந்தப் பழைய சட்டங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட ஆணித் துளை இல்லை. பலகையின் அடியில், உள்ளே அகலமும் வாயில் குறுகலுமாக ஒரு காடி வெட்டி, அதே வடிவில் சீவிய சட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து செருகியிருக்கிறார்கள். சட்டம் பலகையை வளையவிடாமல் பிடித்துக்கொள்ளும். பலகை அகலத்தில் தன் விருப்பப்படி உப்பவும் சுருங்கவும் செய்யும். தாத்தா காலத்து ஆசாரிக்குத் தெரிந்த இந்தச் செய்தியை நான் இங்கிலாந்துக்காரர் ஒருவர் எழுதித் தெரிந்துகொண்டேன். அதுவும் பலகை உடைந்த பிறகு.

அந்த இங்கிலாந்துக்காரர் பால் செல்லர்ஸ். 1965-இல், தம் பதினைந்தாம் வயதில் தச்சுப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தவர்; இன்றும் எழுதியும் செய்து காட்டியும் வருகிறார். உளி தீட்டுவது ஒன்றைப் பற்றியே அவர் எழுதியிருப்பதை எத்தனை இரவுகள் படித்தேன் என்று கணக்கில்லை. உளியின் முதுகைக் கண்ணாடிபோல் தட்டையாக்காமல் சாய்ந்த முகத்தை எவ்வளவு தீட்டினாலும் பயனில்லை என்பதை அவரிடம்தான் அறிந்தேன். தேக்கில் மணற்சத்து இருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கிவிடும். அடிக்கடி தீட்டத்தான் வேண்டும். இப்போது என்னிடம் மூன்று உளிகளும் மரத்தைச் சீவ ஓர் இழைப்புளியும் இருக்கின்றன. கமலா உட்காரும் முக்காலியின் காலை, துளைக்குள் நுழையும் முனையாகிய கழுந்தை நானே வெட்டிப் பொருத்தினேன். ஆட்டம் இல்லை.

படித்ததையெல்லாம் கொண்டுபோய்க் காட்ட எனக்கு ஒருவர் கிடைத்திருக்கிறார். நிலையூர்ச் சாலையில் இருக்கிற பெரிய ஆசாரி, வயது 74. ஒரு காலத்தில் கோயில் தேர்வேலை செய்தவர். இன்று பிளைவுட் அலமாரிகளுக்கு லேமினேட் ஒட்டுகிறார், ஏனென்றால் கேட்டு வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரிடம் போகிறேன்.

ஒருநாள் அவரிடம் ஒரு ஜப்பானியப் படத்தைப் பற்றிச் சொன்னேன். யமகதா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான கவாய், காட்டோ இருவரும் இழைப்புளிக் கத்தி மரத்தைச் சீவுவதை மிக அருகிலிருந்து படமெடுத்திருக்கிறார்கள். கத்திக்கு மேல் ஒரு தகடு பொருத்துகிறோம் அல்லவா, அதன் விளிம்பை வெட்டுமுனைக்கு 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை நெருக்கி வைத்தால், சீவல் எழும்பும்போதே மடங்கி உடைகிறது. நாருக்கு எதிராகச் சீவினாலும் மரம் பிய்வதில்லை. மேலைநாட்டுத் தச்சர்களுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இருந்த அறிவு இது. நடுவில் பலரும் மறந்துபோய், அந்தத் தகடு கத்தி அதிராமலிருக்க மட்டுமே என்று எழுதிவந்திருக்கிறார்கள். 2012 வாக்கில் இந்தப் படம் இணையத்தில் பரவிய பிறகே மீண்டும் கற்றுக்கொண்டார்கள். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆசாரி தம் இழைப்புளியைக் கவிழ்த்து என் கையில் கொடுத்தார். தகடு வெட்டுமுனையோடு ஒட்டி நின்றது. இடையில் மயிரிழை ஒளிதான் தெரிந்தது. வேப்பமரத்துக்கு இப்படி வைக்காவிட்டால் முகமெல்லாம் பிய்ந்துவிடும் என்று தம் குருநாதர் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார். வேறு யாருக்காவது நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான்.

அவ்வளவு எழுதிவைத்தவர்களே மறந்துபோய்ப் படம்பிடித்து மறுபடி கற்றார்கள் என்றால், எழுதவே எழுதாத நாம் எதைக் கொண்டு திரும்பக் கற்போம்? கழுந்து, காடி, குடுமி, வாய்ச்சி, கொட்டாப்புளி, வைரம், வெளிறு என்று அவர் வாயிலிருந்து வரும் சொற்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நாற்பது பக்கம் ஆகிவிட்டது. சொல்லை எழுதிவிடலாம், ஆனால் அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தள்ளித் துளை போடு என்று அவர் சொல்லும்போது கை எப்படி நிற்கிறது என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் உன் கதவு வருகிறது. அமெரிக்காவில் பீட்டர் ஃபாலன்ஸ்பீ என்று ஒரு தச்சர். பிளிமத்தில் உள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் 1994 முதல் 2014 வரை இருபது ஆண்டுகள் பதினேழாம் நூற்றாண்டுத் தச்சு வேலையைச் செய்து காட்டியவர். அந்தக் காலத்துத் தச்சர்கள் தங்கள் வேலைமுறையை எழுதிவைக்கவில்லை. ஆகவே அவர் மிஞ்சியிருக்கும் பழைய ஓக் பெட்டிகளைத் திறந்து, யாரும் பார்க்காத உட்புறத்தையும் அடிப்புறத்தையும் பார்த்தார். முன்முகத்தில் செதுக்கு வேலை இருக்கும். பின்புறத்தில்தான் மரத்தைப் பிளந்த தடமும், உளி இறங்கிய ஆழமும், குறித்த கோடும் அழியாமல் இருக்கும். அந்தத் தடங்களைப் படித்துப் படித்தே முழு வேலையையும் மீட்டார். கழுந்தின் துளையைச் சட்டத்தின் துளையிலிருந்து சற்றே தள்ளிப் போட்டு, மர ஆணியை அடிக்கும்போது அது வளைந்து கழுந்தை உள்ளே இழுக்கும்படி செய்வார்கள் என்று அவர் எழுதியிருந்ததைப் படித்ததும் நான் ஆசாரியிடம் ஓடினேன். அரை நூல் என்று அவர் சொன்னது இதைத்தான். நம்மூரில் மூங்கில் ஆணி.

உன் வீட்டு முன்வாசல் கதவின் பின்புறத்தை நீ எப்போதாவது கவனித்திருக்கிறாயா? முன்முகத்துப் பித்தளைக் குமிழ்களை எல்லோரும் பார்ப்பார்கள். பின்புறம், மரத்தைச் செதுக்கும் வாய்ச்சியின் தடம் அலையலையாக இருக்கும். கல்லூரி விடுமுறைகளில் அங்கே வந்தபோது, அப்பத்தா கொடிக்காலிலிருந்து திரும்பும் சத்தம் கேட்டால் அதன் பின்னால்தானே ஒளிவோம். அந்த அலைகள் என் உள்ளங்கையில் இன்னும் இருக்கின்றன. கீல் கிடையாது, மேலும் கீழும் துருத்தி நிற்கும் குடுமியில் சுழலும் கதவு. ஆணி எல்லாம் மூங்கில். பலகைகள் காடிக்குள் தளர்வாக நிற்கும். சித்திரையில் அவற்றின் ஓரத்தில் பழைய சாயம் படாத வெள்ளைக் கோடு தெரியும், கார்த்திகையில் மறைந்துவிடும். அப்போது நான் அதைக் குறை என்று நினைத்தேன். எங்கள் ஊஞ்சலை வெடிக்கவிடாமல் இத்தனை காலம் காத்த அதே அறிவு அது. செய்தவர் பெயர் உன் அப்பாவுக்கே தெரியாது. அவர் என்ன செய்தார் என்பது அந்தக் கதவில் மட்டுந்தான் இருக்கிறது.

மொத்தமாக வாங்குகிறவர் கடப்பாரையால் நெம்பித்தான் எடுப்பார். மூங்கில் ஆணி உள்ளே வளைந்திருப்பதால் நெம்பினால் கழுந்துதான் முறியும். அதன் பிறகு முகப்புப் பலகை மட்டும் நன்றாக இழைக்கப்பட்டு, பாலிஷ் ஏறி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலோ வேறெங்கோ ஒரு கடையில் சாய்ந்து நிற்கும். பின்புறத்தை யாரும் கேட்க மாட்டார்கள், இழைத்துத் தட்டையாக்கிவிடுவார்கள்.

ஆகவே, சோமு, கதவையும் நிலையையும் மட்டும் பேரத்திலிருந்து விலக்கிக்கொள். பேசிய விலையில் அவற்றுக்கு என்ன வருமோ அதை நான் தருகிறேன். இதில் உபசாரம் பேசாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய ஆசாரியும் நானும் சோழவந்தான் போகிறோம். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு துண்டிலும் சுண்ணாம்பால் எண் போட்டு, அளவெடுத்து வரைந்துகொள்வோம். மூங்கில் ஆணிகளை ஒவ்வொன்றாகத் துரப்பணத்தால் துளைத்து எடுப்பதாக அவர் சொல்கிறார். குடுமி முறியாமல் கதவைத் தூக்க நான்கு ஆட்களும் சொல்லியாகிவிட்டது. கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையை ஒழித்து வைத்திருக்கிறேன். பழைய ஊஞ்சல் பலகைக்கும் அன்று மாலையே புதுச் சட்டம் செருகித் தருவதாக ஆசாரி ஏற்றிருக்கிறார். விரிசலை அடைக்கப் பூவரசில் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறார். நீ புது வீடு கட்டி, அதில் வைக்க நினைத்தால், எப்போது கேட்டாலும் கதவு உன்னுடையது. நினைக்காவிட்டால் என் வீட்டில் இருக்கட்டும்.

உன் தம்பியிடம் நான் சொன்னால் சிரிப்பான். நீ சொன்னால் கேட்பான். வெள்ளிக்கிழமைக்குள் அவனிடம் பேசிவிடு. முடிந்தால் சனிக்கிழமை தாம்பரத்தில் வைகையில் ஏறி நீயும் வந்துவிடு. கமலா உனக்காகக் கருவாட்டுக் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள், பழைய கணக்கை மறந்துவிட்டாளாம். வரும்போது அப்பத்தாவின் அந்தப் பெரிய சாவியையும் எடுத்துவா. அது உன்னிடந்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

உன்,
வேலு