சின்ன எழுத்தையும் தமிழில் போடச் சொல்லுங்கள்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஓர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். குழந்தைகளுக்கான சத்துபான விளம்பரங்களைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 2022 ஜூன் மாதம் நீங்கள் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் எல்லாம் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ அதே மொழியில், கண்ணுக்குத் தெரிகிற அளவில், அதன் நிபந்தனைகளையும் போட வையுங்கள்.

போன மாதம் எடை பார்க்கும் நாளில் ஒரு தாய் தன் நான்கு வயது மகனோடு வந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். பையிலிருந்து காலியான சத்துபான டப்பா ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். "டீச்சர், இது முடிஞ்சு அடுத்த டப்பாவும் பாதி ஆயிருச்சு. எடையும் ஏறல, உசரமும் ஏறல. நான் கலக்குறதுல ஏதும் தப்பா?" என்று கேட்டார். எப்படிக் கலக்குகிறீர்கள் என்றேன். வெந்நீரில் என்றார். பால் ஊற்றுவதில்லையா என்றதற்கு, "பாலுக்கு எங்க போறது? அதான் பவுடர்லயே எல்லாச் சத்தும் இருக்குன்னு சொல்றாங்களே" என்றார்.

அந்த டப்பாவுக்கு அவருடைய ஒரு நாள் கூலி முழுதும் போகிறது. அதைச் சரிக்கட்ட வீட்டில் முட்டை வாங்குவதை நிறுத்திவிட்டார். சுண்டலுக்குக் கடலை வாங்குவதையும் நிறுத்திவிட்டார். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் செய்தார். பையனின் வளர்ச்சி அட்டையில் கோடு படுத்துக் கிடக்கிறது. அவருக்கு என்ன பதில் சொல்வது? தப்பு உங்கள் மேல் இல்லை என்று சொன்னேன். அப்படியானால் யார் மேல் என்று அவர் கேட்கவில்லை. நான் உங்களைக் கேட்கிறேன்.

அன்று இரவு அந்தப் பானத்தின் விளம்பரத்தை என் மகளின் கைப்பேசியில் போட்டு, நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். தமிழில் ஓர் அம்மா பேசுகிறார். தமிழில் ஒரு டாக்டர் போலத் தெரிபவர் தலையாட்டுகிறார். பிள்ளை சுவரில் போட்ட கோட்டைத் தாண்டி வளர்கிறான். திரையின் அடியில், அரிசி அளவு எழுத்தில், ஆங்கிலத்தில் மூன்று செய்திகள் ஓடுகின்றன. பாலில் கலந்து கொடுக்க வேண்டும். தினசரிச் சரிவிகித உணவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். காட்டப்படுவது கற்பனைக் காட்சி. அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டியது இந்த மூன்றும்தான். ஆசையை மட்டும் அவர் மொழியில் சொல்லிவிட்டு, உண்மையை அவருக்குத் தெரியாத மொழியில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் லயன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இன்னும் பழைய சின்னத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஓடுகின்றன. 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்தவைகூடச் சில வீடுகளில் உண்டு. ஆங்கிலம் தெரிந்தவர்களாலும் அந்தத் திரையில் அதைப் படிக்க முடியாது.

உங்கள் நெறிமுறை என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும். விளம்பரம் தன் பொருளின் பெருமையை எந்த மொழியில் சொல்கிறதோ அதே மொழியில் பொறுப்புத்துறப்பு, அதாவது அந்தச் சின்ன எழுத்து நிபந்தனை, இருக்க வேண்டும். அதே எழுத்துரு வேண்டும். குரலில் சொன்னால், அந்தக் குரலோடு சேர்ந்து, அதே வேகத்தில் வர வேண்டும். விளம்பரம் தவறாகச் சொன்னதைச் சின்ன எழுத்தால் திருத்தப் பார்க்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரம், தக்க அறிவியல் ஆதாரம் இல்லாமல் அறிவு வளரும், உடல் வலு கூடும் என்று சொல்லக் கூடாது என்றும் இருக்கிறது. மீறினால் 10 லட்சம் வரை, மறுபடி மீறினால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. இவ்வளவும் கையில் இருக்க, அந்த விளம்பரம் ஒவ்வொரு மாலையும் எங்கள் மலைக்கு எப்படி வந்து சேர்கிறது?

இங்கே மாலை என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ஜூன் முதல் தேவாலா, சேரம்பாடிப் பக்கம் மழை விடாது. மழை விட்ட மாதங்களில் யானை வரும், சிறுத்தை வரும். நாலரை மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விட எந்தத் தாய்க்கும் துணிவில்லை. கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பது தொலைக்காட்சிதான். மற்ற ஊர்ப் பிள்ளைகள் தெருவில் விளையாடும் நேரத்தில் எங்கள் பிள்ளைகள் விளம்பரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளால், விளம்பரம் நம்மை வாங்க வைக்கத்தான் பேசுகிறது என்பதைப் புரிந்துகொள்ள முடியாது என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2004-லேயே சொல்லிவிட்டது. ஸ்வீடனில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைத்துத் தொலைக்காட்சியில் விளம்பரமே செய்யக் கூடாது. நார்வேயிலும் பிள்ளைகளைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரத்துக்குத் தடை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1980 முதல் 13 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடை. அந்த அளவுக்கு நான் இப்போது கேட்கவில்லை. எழுத்தைத் தமிழில் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் மையத்தில் சத்துமாவு இலவசமாகக் கொடுக்கிறோம். கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் சேர்ந்தது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வாரம் மூன்று முட்டை உண்டு. அந்தச் சத்துமாவு பல வீடுகளில் திறக்காமலே கிடக்கிறது, சில வீடுகளில் கோழிக்குப் போகிறது. காரணம் கேட்டால், அது கவர்மென்ட் மாவு என்கிறார்கள். அதற்காகத் தொலைக்காட்சியில் எந்த நடிகையும் பேசுவதில்லை. என் பேச்சும் எடை இயந்திரமும் சுவரில் ஒட்டிய படங்களும் ஒரு பக்கம். அரை நிமிட விளம்பரம் மறுபக்கம். ஒவ்வொரு முறையும் அதுதான் ஜெயிக்கிறது.

பானத்தோடு இது நிற்கவும் இல்லை. சிவப்பழகு கிரீம் ஒன்று 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறிய பிறகும் எங்கள் லயன்களில் பத்து வயதுப் பெண்பிள்ளைகள் தோளில் வெயில் படாமல் ஒதுங்கி நடக்கிறார்கள். அப்புறம் தேயிலைத்தூள் விளம்பரங்கள். எங்கள் மலையைத்தான் காட்டுகிறார்கள். இஸ்திரி போட்ட சேலையில் பெண்கள் சிரித்துக்கொண்டு கொழுந்து கிள்ளுகிறார்கள். இடுப்பில் படங்கு என்கிற தார்ப்பாய்த் துணியைக் கட்டி, மழையில் நனைந்து, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போட்டபடி மூட்டை சுமக்கும் பெண்ணை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணின் கூலிதான் சாயங்காலம் இன்னொரு விளம்பரத்துக்குப் போய்ச் சேர்கிறது. நகரத்தில் இருப்பவருக்கு எங்கள் உழைப்பைப் பொய்யாகக் காட்டி விற்கிறார்கள். எங்களுக்கு எங்கள் பிள்ளைகளின் உடம்பைப் பற்றிப் பொய் சொல்லி விற்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மன்னிக்கவும், அடக்கிக்கொள்ள முடியவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பெயருக்கு விளக்கமே கிடையாது என்பதும் அப்போது வெளியே வந்தது. இணையத்தில் பெயர் மாறியது. எங்கள் மலையில் யாரும் இணையத்தில் பவுடர் வாங்குவதில்லை. தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, கடைவீதியில் வாங்குகிறார்கள். திருத்தம் அவர்கள் பார்க்கும் இடத்தில் வர வேண்டும்.

தமிழில் வரும் விளம்பரத்துக்கு நிபந்தனையும் தமிழில் வரட்டும். லயன் வீட்டின் சின்னத் திரையிலும் படிக்கும் அளவுக்கு இருக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத தாய்மார் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் "பாலில் கலக்க வேண்டும், சாப்பாட்டுக்குப் பதிலாகாது" என்பதை, விளம்பரத்தில் பேசும் அதே அம்மாவின் குரலில் சொல்ல வையுங்கள். நெறிமுறையை மீறும் தமிழ் விளம்பரங்களைப் பார்த்து நடவடிக்கை எடுக்கத் தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் அலுவலரையாவது நியமியுங்கள். புகார் கொடுக்கும் படிவமும் தமிழில் இருந்தால், நான் எழுதுவதற்குப் பதில் அந்தத் தாயே எழுதுவார்.

தயவுசெய்து இதற்குப் பதில் அனுப்புங்கள். அதுவும் தமிழில் இருக்கட்டும். அடுத்த எடை பார்க்கும் நாளில் தாய்மார்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி.