படகுச் சாமான் பட்டியலில் பீடியும் புகையிலையும் வேண்டாம்

திருகோணமலை மாவட்டத்தின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், படகு முதலாளிமார் அனைவருக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

குச்சவெளியிலும் சரி, திருக்கடலூரிலும் மூதூரிலும் சரி, கடலுக்குப் போகும் படகுகள் பலவற்றில் ஐஸ், எண்ணெய், அரிசி, தேயிலையோடு பீடிக்கட்டும், புகையிலையும் பாக்கும் சேர்ந்த வெற்றிலைச் சரையும் ஏறுகின்றன. செலவு பொதுக்கணக்கில் கழிகிறது. அந்த இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். குளிருக்கும் நித்திரை முறிக்கவும்தானே என்பீர்கள். அதையே முதலில் பார்ப்போம்.

புகையை இழுத்தால், புகையிலையின் பழக்கப்படுத்தும் பொருளான நிகொட்டின் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து 10 முதல் 20 வினாடிக்குள் மூளையைத் தொடும். அசற்றைல்கோலின் என்ற நம் உடலின் சொந்த இரசாயனம் வந்து பொருந்துவதற்கென்று மூளையில் இருக்கும் இடங்களில், அதாவது வாங்கிகளில், இது ஏறி உட்கார்ந்துகொள்ளும். இன்ப உணர்வு தரும் டோபமின் சுரக்கும், ஒரு தெளிவு வரும். அதே நேரம் சிறுநீரகங்களுக்கு மேலிருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை விடும். இதயம் நிமிடத்துக்கு 10, 15 தடவை கூடுதலாக அடிக்கும், பிரஷர் ஏறும், தோலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் சுருங்கும். ஆகவே குளிருக்குப் பீடி என்பது தலைகீழ்க் கணக்கு. விரல் நுனிகள் இன்னும் விறைக்கும். தூண்டில் கிழித்த கையும் மீன்முள் ஏறிய கையும் ஆற நாளெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நித்திரைக் கதை கொஞ்சம் சிக்கலானது. இரத்தத்திலுள்ள நிகொட்டின் ஏறக்குறைய 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மாலை 7 மணிக்குக் கடைசிப் பீடி என்றால், அது தந்ததில் விடிகாலை 3 மணிக்கு 16இல் ஒரு பங்குதான் மிஞ்சும். நெடுநாள் பழகிய மூளையோ வாங்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டி வைத்திருக்கும். அவையெல்லாம் வெறுமையாகக் கிடந்து கேட்கத் தொடங்கும்போதுதான் எரிச்சலும் சோர்வும் கவனச் சிதறலும் வருகின்றன. ஒரு பீடி பற்றவைத்ததும் தெளிந்துவிடும். நித்திரையை முறித்த பீடி, பாதிக்கு மேல், முந்திய பீடி வைத்துவிட்டுப் போன கடனைத்தான் அடைத்திருக்கிறது. நோன்பு பிடிப்பவர்கள் இதன் மறுபக்கத்தை அறிவார்கள்: பகல் முழுக்க ஓய்ந்த வாங்கிகளுக்கு உணர்வு திரும்பியிருக்கும், நோன்பு திறந்தபின் முதல் இழுப்பில் தலை சுற்றும்.

“நான் புகைக்கிறதில்லை, வெற்றிலை மட்டும்தான்” என்பவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை அதிகம். சுண்ணாம்பு வாயைச் சிவக்க வைக்க மட்டும் அல்ல. நிகொட்டின் மின்னேற்றமில்லாத வடிவில் இருந்தால்தான் வாயின் உட்தோலை இலகுவாகக் கடக்கும். பி.எச். என்பது புளிப்பையும் காரத்தன்மையையும் காட்டும் அளவு, அது 7 உள்ள எச்சிலில் அந்த வடிவில் இருப்பது பத்தில் ஒரு பங்கு. சுண்ணாம்பு அதை 9க்கு ஏற்றினால் பத்தில் ஒன்பது பங்கு அந்த வடிவுக்கு மாறிவிடும். பீடியைப் போல ஒரேயடியாக ஏறாது. அரை மணி நேரம் மெல்ல ஏறி, அப்படியே நிற்கும். புதிதாகக் கடலுக்கு வரும் பெடியன் முதல்முறை புகையிலை போட்டு வெளிறி, வியர்த்து, சத்தி எடுத்தால் “கடல் ஒத்துக்கொள்ளவில்லை” என்று சிரிக்கிறோம். பலவேளை அது நிகொட்டின் நஞ்சாகிய அறிகுறி.

புற்றுநோயைக் கொண்டுவருவது நிகொட்டின் அல்ல. புகையிலையிலுள்ள நைட்ரோசமைன்கள் என்ற இரசாயனங்கள், புகையிலுள்ள தார், கூடவே பாக்கு. இதைச் சொன்னால் நிகொட்டினுக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் கோபிப்பார்கள். ஆனால் இது விளங்காவிட்டால் கீழே சொல்லும் நிகொட்டின் சுவிங்கம் வைத்தியமும் விளங்காது. பாக்கு மட்டும் போட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். எனவே புகையிலையை எடுத்துவிட்டுப் பாக்கைத் தொடர்வது அரைக்கிணறு தாண்டுவது போலத்தான்.

விடுபவருக்கு இரண்டாம், மூன்றாம் நாட்கள்தான் மோசம். இரண்டு முதல் நான்கு கிழமைகளில் பெரும்பாலும் அடங்கும். அந்த முதல் மூன்று நாட்கள் அவரை இரவில் சுக்கான் பிடிக்க வைக்காதீர்கள். வாடைக் காற்று எழும்பிப் படகுகள் கரையில் கிடக்கும் மாரிகாலம், பழக்கத்தை விடத் தொடங்குவதற்கு நல்ல நேரம். கரையில் சும்மா இருந்தால் கடைப்பக்கம் கால் போகும் என்பது உண்மைதான், வலை பொத்தும் வேலையை அந்த நாட்களுக்கு ஒதுக்கி வைக்கலாம்.

நிகொட்டின் சுவிங்கம் 2, 4 மில்லிகிராம் என இரண்டு அளவில் வரும். எழும்பி 30 நிமிடத்துக்குள் முதல் பீடி தேவைப்படுபவருக்கு 4, மற்றவருக்கு 2. முதல் 6 கிழமை, ஒன்று முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு சுவிங்கம். நாளுக்கு 24ஐத் தாண்டக் கூடாது. நம்மவர்கள் இங்கேதான் பிழை விடுகிறார்கள்: வெற்றிலை போலச் சப்புகிறார்கள். அப்படிச் சப்பினால் நிகொட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிவும்தான் மிச்சம், ஆசை அடங்காது, “மருந்து சரியில்லை” என்று பேர் வரும். மெதுவாகச் சப்பி, காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்குங்கள். காரம் மறைந்தால் மறுபடி சப்பலாம். ஒரு சுவிங்கம் அரை மணி நேரம் வரும். அதற்கு 15 நிமிடம் முன்னும், வாயில் இருக்கும்போதும் தேசிக்காய்த் தண்ணீர், சோடா, கோப்பி வேண்டாம். வெற்றிலையில் சுண்ணாம்பு திறக்கும் அதே வழியை இங்கே புளிப்பு அடைத்துவிடும்.

தோலில் ஒட்டும் பட்டை 21, 14, 7 மில்லிகிராம் என்று படிப்படியாக இறங்கும். காலையில் மயிரில்லாத, காய்ந்த தோலில் 10 வினாடி அழுத்தி ஒட்ட வேண்டும். உப்புத்தண்ணீரிலும் வியர்வையிலும் கழன்றுவிடும், ஆகவே கரையில் நிற்பவருக்கே அது தோது. இருதய வருத்தக்காரரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் இவை எதையும் தொட வேண்டாம். பயன்படுத்திய பட்டையையும் சுவிங்கத்தையும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எறியுங்கள், அவற்றில் நிகொட்டின் மிச்சம் இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: புகையிலுள்ள தார், கல்லீரலைத் தேநீரிலுள்ள கஃபீனை வேகமாக அழிக்க வைக்கும். பீடியை விட்டதும் அந்த வேகம் நின்றுபோகும். அதே பிளேன்ரீ இரட்டிப்பாக வேலை செய்யும், நித்திரை வராது, கை நடுங்கும். பழி, பீடியை விட்டதன் மேல் விழும். சாயத்தைப் பாதியாக்குங்கள். இழுப்பு நோய்க்குத் தியோபிலின் குளிசை போடுபவர், விடும் திகதியைக் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்ல வேண்டும், மருந்தளவைக் குறைக்க வேண்டி வரலாம். இது புகைப்பவருக்கு மட்டும், வெற்றிலைக்காரருக்குப் பொருந்தாது.

பெடியன்கள் விஷயத்தில் பேச்சே வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். மூளை முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகும், அதற்குமுன் பழகினால் பிடி இறுகும்.

பட்டியலில் வெறுமையாகும் இடத்துக்குக் கறுவாப்பட்டை, கராம்பு, வறுத்த கச்சான் போதும். ஆசை எழும்பி அடங்க ஐந்து நிமிடமளவில் செல்லும். அவ்வளவு நேரம் வாய்க்கு ஒரு வேலை வேண்டும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு கண்ணாடியும் ரோச் லைட்டும் வையுங்கள். வெற்றிலை போடும் ஒவ்வொருவரும் தன் மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் விட்டுப் பார்க்கட்டும். மூன்று விரலும் நுழையாதவரும், கன்னத்தின் உட்பக்கத்தில் வெள்ளையோ சிவப்போ படர்ந்தவரும், மூன்று கிழமையாக ஆறாத புண் உள்ளவரும் அடுத்த கடலுக்கு முன் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
திருகோணமலையில் மருந்தும் பொதுச் சுகாதாரமும் சார்ந்து வேலை செய்யும் சிலர்