கூரையில் கை வைக்குமுன்

திருகோணமலை
கார்த்திகை மாதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. நீ அனுப்பிய படங்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். இங்கு எல்லோரும் சுகம். மகளுக்கு வவுனியாவில் ஆசிரியர் நியமனம் கிடைத்துவிட்டது, சனி ஞாயிறில் வந்து போகிறாள். மகன் உயர்தரம் எழுதிவிட்டு முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மழை நன்றாகப் பிடித்துவிட்டது. உப்புவெளிக்குப் போய் உன் அம்மாவையும் பார்த்துவிட்டு வந்தேன். குசினிப் பக்கம் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறா. மற்றும்படி ஆள் தெம்பாகத்தான் இருக்கிறா. நீ வரப்போகிறாய் என்பதே அவவுக்குப் பாதி மருந்து.

அடுத்த வருடம் கனடாவிலிருந்து வந்து அந்த வீட்டுக் கூரையை மாற்றி, பின்பக்கம் குளியலறையோடு ஓர் அறை இறக்கி, அம்மாவோடு இருக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வாசித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஆனால் கொந்தராத்துக்காரர் "வேலையைத் தொடங்குவோம், பேர்மிட்டைப் பிறகு பார்க்கலாம்" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தயவுசெய்து அப்படித் தொடங்காதே. அவர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நோட்டீஸ் வந்தால் அம்மாவின் வாசலுக்குத்தான் வரும். அனுமதியில்லாமல் எழுப்பிய கட்டடத்தை நிறுத்தச் சொல்லவும், கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் உத்தரவு எடுத்து இடிக்கவும் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தில் இடமிருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் அது. அந்த வயதில் அவவை நீதிமன்ற வாசலில் நிற்க வைக்க உனக்கும் மனம் வராது.

சுவருக்குப் பூச்சு அடிப்பது, உடைந்த ஓடுகளை மாற்றுவது, நிலத்துக்கு டைல்ஸ் பதிப்பது எல்லாம் வெறும் திருத்த வேலை. அதற்கு ஒருவரும் வரைபடம் கேட்கமாட்டார்கள். ஆனால் நீ சொல்வது அதுவல்ல. கூரையை முழுதாக எடுத்து உயர்த்துகிறாய், புது அறை போடுகிறாய், புது மலகூடக் குழி வெட்டுகிறாய். இதற்குப் பிரதேச சபையின் கட்டட அனுமதி வேண்டும். வேலை முடிந்த பிறகு, அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்று சொல்லும் இணக்கச் சான்றிதழும் வேண்டும். அந்தச் சான்றிதழைப் பலர் எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். பிறகு வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போதுதான் தேடித் திரிகிறார்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? படம் வரைபவரிடம் ஓடாதே. முதலில் உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம்.

உங்கள் வீட்டு உறுதி 1990இல் இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது என்று அம்மா சொன்னா. அதைச் சொல்லும்போது இப்போதும் அவவின் குரல் கம்மிவிடுகிறது. எங்கள் ஊரில் அப்படித் தொலைக்காத குடும்பம் எத்தனை இருக்கும், சொல். ஆனால் மனம் தளரத் தேவையில்லை. உறுதி எழுதும் நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது அசல் உரிமையாளரிடம் போகிறது, ஒன்று நொத்தாரிசின் கோப்புக் கட்டுக்குள் இருக்கிறது, இரட்டைப் பிரதி ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போகிறது. அங்கே உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் இவற்றைக் கொடுத்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அதோடு பதிவேட்டின் பிரதியும் எடுக்க வேண்டும். காணி யாரிடமிருந்து யாருக்கு வந்தது, ஈடு, அதாவது அடமானம், ஏதும் இருக்கிறதா என்பதை அதில்தான் பார்ப்பார்கள். சட்டத்தரணிகள் பொதுவாக 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேடுவார்கள்.

இலக்கம் தெரியாதே என்று கேட்பாய். அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துவந்து முன்னால் வைத்தா. உள்ளே உன் பள்ளிக்கூட றிப்போட், அப்பாவின் ஓய்வூதியத் துண்டு, அடியில் ஒரு கட்டு சோலைவரி (வீட்டு வரி) ரசீது. கறையான் ஓரத்தைத் தின்றிருந்தது, ஆனால் ஊதா மையில் குத்திய முத்திரையும் மதிப்பீட்டு இலக்கமும் அப்படியே வாசிக்க முடிந்தது. அப்பாவின் பெயரும் தெளிவாக இருந்தது. ஒரு ரசீதின் பின்பக்கத்தில் நொத்தாரிசின் பெயரையும் ஒரு வருடத்தையும் அப்பா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அந்த மனுஷன் எவ்வளவு கவனம்! அதைப் பிடித்துக்கொண்டு பதிவகத்தில் தேடலாம். எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். மூல ரசீதுகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அவவிடமே கொடுத்துவிட்டேன்.

அடுத்தது பெயர். காணி இன்னும் அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. அவர் மரணசாதனம் (உயில்) எழுதவில்லை என்றால் பொதுச் சட்டப்படி அரைவாசி அம்மாவுக்கு, மற்ற அரைவாசி பிள்ளைகள் மூவருக்கும் சமமாக. ஆகவே நீ மட்டும் கையெழுத்து வைத்து விண்ணப்பிக்க முடியாது. தங்கச்சியும் தம்பியும் சம்மதிக்க வேண்டும், சட்டத்தரணியிடம் கேட்டு அதை முறையாக எழுத்தில் வாங்க வேண்டும். நீ காசு போட்டு அறை கட்டிய பிறகு பங்கு பேசுவது மிகப் பொல்லாத வேலை. எங்கள் ஒழுங்கையிலேயே அண்ணன் கட்டிய மாடியால் இரண்டு குடும்பம் நல்லது கெட்டதுக்கும் போக்குவரத்து இல்லாமல் இருக்கிறது. நீங்கள் மூன்று பேரும் ஒற்றுமையாக இருக்கிறீர்கள். அந்த ஒற்றுமை இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

எங்கள் பாலையூற்று வீட்டு விஷயம் வேறு. அது உறுதிக் காணி அல்ல, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாமாவுக்கு அரசிடமிருந்து கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி. அந்தக் காணிகளுக்குப் பின்னுரித்தாளரை, அதாவது அடுத்து உரிமை பெறுபவரை, பெயர் குறித்து வைக்க வேண்டும், குறிக்காவிட்டால் சட்டத்தின் அட்டவணைப்படி போகும். முன்பு அந்த வரிசையில் ஆண் பிள்ளைக்குத்தான் முதலிடம். 2022 திருத்தத்துக்குப் பிறகு மகன், மகள் பேதம் இல்லை. மாமிக்கு அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது, பெண் பிள்ளைகளை மட்டும் பெற்றவ அல்லவா. உங்கள் சித்தப்பாவின் காணியும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். அவர் இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லு.

அப்புறம் நில அளவை. பழைய வரைபடத்தை நம்பிப் படம் கீறாதே. போருக்குப் பிறகு எத்தனை வீதி அகலமாகிவிட்டது, எத்தனை வேலி மதிலாகிவிட்டது! உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு அளந்து, எல்லைக் கல் எங்கே என்று பார்த்துவிட்டால் பக்கத்து வீட்டாரோடும் பேச்சு சுமுகமாக முடியும். அளக்கும் அன்று அவர்களையும் கூப்பிட்டு நிற்க வைப்பது நல்லது. சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழும் எடுக்க வேண்டும். வீதி நாளை எவ்வளவு உள்ளே வரும், அதற்கு இந்தப் பக்கம் எங்கே கட்டலாம் என்பது அதில் தெரியும். பின்பக்கம் அறை போடுவதென்றால் எல்லையிலிருந்து 2.3 மீற்றர் வெளி விடச் சொல்வார்கள். நீ கீறி அனுப்பிய படத்தில் அறை மதிலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கொஞ்சம் முன்னால் இழுக்க வேண்டும்.

உங்கள் வீடு நிலாவெளி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பதால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதி கேட்பார்கள். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்று கட்டத் தடை போட்டு, பிறகு தளர்த்தியது உனக்கும் நினைவிருக்கும். சுனாமியன்று உங்கள் வீட்டு யன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் வந்தது. ஆகவே கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் கேட்கும் கேள்வியை நான் தொல்லையாக நினைக்கவில்லை. தரையை எவ்வளவு உயர்த்துவது என்று அவர்களிடமே கேட்போம். அம்மா படுக்கும் அறை அல்லவா.

பின்வளவுப் பலாமரத்தை நீ வெட்டச் சொல்லி எழுதியிருக்கிறாய். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் சொந்த வளவில் நின்றாலும் நினைத்தபடி வெட்ட முடியாது, 1951ஆம் ஆண்டிலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. கிராம சேவகரின் சிபாரிசோடு பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும், மரத்தை லொறியில் ஏற்றுவதற்கும் பத்திரம் வேண்டும். அதைவிட, மச்சான், அந்த மரத்தை விட்டுவிடேன். அறையை மதிலிலிருந்து எப்படியும் தள்ளத்தானே வேண்டும். கிணற்றுப் பக்கமாகத் திருப்பினால் மரம் தப்பும். நான் அடி வைத்து அளந்து பார்த்தேன், இடம் காணும். ஆனால் மலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட வரக்கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்க்கும்போது வழக்கமாக 50 அடி கேட்பார், பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்துத்தான். ஆகவே குழி முன்பக்கம் போக வேண்டிவரும்.

இதெல்லாம் கையில் வந்த பிறகு படவரைஞர். எனக்கு வரைந்து தந்தவர் இருக்கும் சுவரைக் கறுப்பிலும், புதிதைச் சிவப்பிலும், உடைப்பதை மஞ்சளிலும் காட்டினார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அந்தத் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகப் பார்த்தார். பழைய வீட்டுக்கு அனுமதிப் படமே இல்லை என்று பயப்படாதே, இருப்பதை இருக்கிறபடி வரைந்து காட்ட வேண்டும், ஒன்றையும் மறைக்கக்கூடாது. கட்டணம் சதுர அளவைப் பார்த்துத்தான் போடுவார்கள். அனுமதி பொதுவாக ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், முடியாவிட்டால் நீடிக்க விண்ணப்பிக்கலாம்.

ஆகவே காலத்தையும் பார். ஐப்பசியிலிருந்து தை வரை இங்கே கூரையைத் திறக்க முடியாது. இந்த மழைக்குள் கடதாசி வேலையை முடித்தால் பங்குனியில் ஓடுகளைக் கழற்றலாம், வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்துக்குள் சுவர் காய்ந்துவிடும். மணல் மாவலிப் பக்கத்திலிருந்துதான் வரும். லொறிக்காரரிடம் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லு. பத்திரம் இல்லாத மணல் கியூப்புக்கு மலிவாக இருக்கலாம், வழியில் பிடித்தால் உன் வேலைதான் நிற்கும். ஆற்றை அப்படித் தோண்டி எடுப்பதும் எனக்குச் சம்மதமில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது: ரொறன்ரோவில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போய், யாருக்காவது அற்றோணித் தத்துவம், அதாவது உனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம், எழுதிக் கொடு. என் பெயருக்கென்றால் நான் மனதாரச் செய்வேன், ஆனால் தங்கச்சி மட்டக்களப்பில்தானே இருக்கிறாள், அவள் பெயரில் எழுதினால் இன்னும் நல்லது. நான் கூட ஓடித்திரிகிறேன். உன் பிறப்புச் சான்றிதழின் பிரதி, அப்பாவின் மரணச் சான்றிதழ், உன் அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து அனுப்பு. தம்பியிடம் நீயே தொலைபேசியில் பேசு, நான் சொல்லி அவன் கேட்பது சரியாக இராது. கொந்தராத்துக்காரருக்கு முற்பணம் இப்போது வேண்டாம். மழை விட்டதும் ஒழுகும் இடத்துக்கு ஓடு மாற்ற ஒரு மேசனைக் கூட்டிப் போகிறேன், அதற்கு ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

திங்கட்கிழமை காணிப் பதிவகத்துக்குப் போகிறேன். உறுதி இலக்கம் கிடைத்ததும் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

உன் பழைய வகுப்புத் தோழன்,
பாலையூற்றிலிருந்து