இணையத்தில் மட்டும் வெளிவரும் இதழ்களுக்கும் நூலகத்தில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் வார, மாத இதழ்கள் ஒவ்வொன்றாக அச்சை விட்டு இணையத்துக்குப் போவதைப் பற்றிப் பலரும் வருந்தி எழுதி வருகிறார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் பொது நூலகத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கும் அந்த வருத்தம் உண்டு. 1941இல் தொடங்கிய கல்கி 2020 ஊரடங்குக் காலத்தில் அச்சை நிறுத்தி இணைய இதழாக மாறியது. நாங்கள் மறுபடி நூலகத்தைத் திறந்தபோது, மேசையில் அது வழக்கமாகக் கிடக்கும் இடத்தைத் தேடிவந்து ஏமாந்து திரும்பிய முதியவர்களின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனாலும் இக்கடிதத்தை அதற்காக எழுதவில்லை. காகித விலையும் அஞ்சல் செலவும் ஏறி, விளம்பரமும் கைப்பேசிப் பக்கம் போய்விட்ட பிறகு, இதழ் நடத்துகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்புரை அறுவைக்குப் பின் நானே எழுத்தைப் பெரிதாக்கித் திரையில்தான் படிக்கிறேன். என் கவலையெல்லாம், இணையத்தில் மட்டும் வெளிவரும் ஓர் இதழ் இருபது ஆண்டுகள் கழித்து எங்கே இருக்கும் என்பதுதான்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு வயதான அம்மாள், தம் வீட்டிலிருந்து ஆறு கனத்த தொகுதிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து நூலகத்துக்குக் கொடுத்தார். எல்லாம் வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்து பைண்டு செய்த தொடர்கதைகள். பக்கம் பிசிறடிக்காமல் இருக்க அளவுகோலை வைத்து அழுத்திக் கிழிப்பாராம். ஓராண்டுப் பக்கங்கள் சேர்ந்ததும் கோணி ஊசியால் தைத்து, அச்சகத்தில் கொடுத்துக் காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டு வாங்குவாராம். அவற்றுள் 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்த பொன்னியின் செல்வனும், மணியம் வரைந்த படங்களோடு இருந்தது. கதை இன்று எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அத்தொகுதியில், அத்தியாயம் முடிந்த இடத்துக்குக் கீழே ஒரு சோப்பு விளம்பரமும், பக்கத்தின் மறுபுறம் வேறொரு கட்டுரையின் பாதியும், ஓரத்தில் அந்த அம்மாள் பென்சிலால் குறித்த தேதியும் இருந்தன. பல ஆண்டுகளுக்குப் பின் ஆய்வு மாணவி ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து வந்து உட்கார்ந்து அந்த விளம்பரங்களைத்தான் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்.

அச்சு இதழ் பிழைத்தது இப்படித்தான். ஆயிரம் வீடுகளுக்குப் போன பிரதிகளில் ஒன்றாவது கரையானுக்கும் மழைக்கும் பழைய பேப்பர்காரருக்கும் தப்பியது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் சொந்த முயற்சியால் சேர்த்தவைதாம் இன்று சென்னையில் அவர் பெயரில் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம். வீடுகளைத் தவிரச் சட்டமும் துணைக்கு இருந்தது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்பவேண்டும். 1956இல் செய்தித்தாள்களும் அதில் சேர்க்கப்பட்டன. எல்லாரும் ஒழுங்காக அனுப்பினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அனுப்பவேண்டிய கடமை என்று ஒன்று இருந்தது. அச்சை விட்டு வெளியேறிய இதழுக்கு அந்தக் கடமையும் இல்லை. அதைக் கேட்டு வாங்கிவைக்கும் பொறுப்பு எந்த நூலகருக்கும் இல்லை.

இது கற்பனையான அச்சம் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இணைய இதழில், எங்கள் வட்டாரத்துப் பழைய சத்திரங்களைப் பற்றி நான் விசாரித்து எழுதிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. அதற்காகப் பேட்டி கண்ட பெரியவர்களில் இருவர் இப்போது உயிருடன் இல்லை. சென்ற ஆண்டு பேத்திக்குக் காட்டுவதற்காக அதைத் தேடியபோது, அந்த முகவரியில் ஒரு சூதாட்ட விளம்பரம் வந்து நின்றது. ஆண்டுக் கட்டணம் கட்டப்படாமல் முகவரி கைமாறிவிட்டதாகத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். கட்டுரையின் பிரதி என்னிடமும் இல்லை. இணையத்தில்தான் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். தமிழ் இணையத்தின் தொடக்க கால எழுத்துக்கு நேர்ந்ததும் இதுதான். யாரும் இலவசமாக இணையப் பக்கம் அமைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டிஸ் தளம் 2009இல் மூடப்பட்டபோது அதில் இருந்த தமிழ்ப் பக்கங்கள் பல போயின. யூனிகோடு பரவுவதற்கு முன் கணினியில் தமிழ் எழுதப் பயன்பட்ட திஸ்கி முதலிய பழைய எழுத்துக் குறியீடுகளில் சேமித்து வைத்த கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரிகின்றன. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்ற 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்குமாக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தன்னார்வலர்களின் உழைப்பால் அரும்பணி ஆற்றி வருகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழைய இதழ்களை மின்வடிவில் தருகிறது. ஆனால் இவற்றின் பணி பெரும்பாலும் அச்சில் இருந்ததைத் திரைக்குக் கொண்டுவருவது. திரையிலேயே பிறந்த இதழைப் பாதுகாப்பது வேறு வேலை.

ஜெர்மனி 2006இலும் பிரிட்டன் 2013இலும் இணைய வெளியீடுகளைத் தேசிய நூலகத்தில் சேமிப்பதற்குச் சட்டத்தில் வழி செய்துவிட்டன. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தை அவ்வாறு திருத்த நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்கவேண்டும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. 1948இலேயே நூலகச் சட்டம் கண்டு, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலித்துவரும் மாநிலம் நம்முடையது. இதழ் நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒவ்வோர் இதழையும் விளம்பரத்தோடும் படங்களோடும் முழுப் பக்கங்களாகப் பெற்றுச் சென்னை கன்னிமராவிலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சேமித்து வைக்கப் பொது நூலகத் துறையால் முடியும். ஓரிடத்தில் மட்டும் வைத்தால் போதாது. 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளான பிரிட்டிஷ் நூலகத்தின் சேவைகள் பல மாதங்கள் முடங்கிக் கிடந்ததை நினைவில் கொள்ளவேண்டும். சந்தா வருமானம் போய்விடும் என்று இதழ்கள் அஞ்சுவது நியாயமே. நூலகக் கட்டடத்துக்குள் உள்ள கணினியில் மட்டுமே படிக்கலாம் என்று விதி வைத்தால் அந்த அச்சத்துக்கு இடமிருக்காது. பிரிட்டனிலும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

தங்கள் நாளிதழும் அச்சில் இடம்பெறாத பல நல்ல கட்டுரைகளை இணையப் பதிப்பில் மட்டும் வெளியிடுகிறது. அவை எவ்வாறு சேமிக்கப்படுகின்றன, பத்தாண்டுகளுக்கு முன் வந்த ஒன்றை வாசகர் கேட்டால் எடுத்துத் தர இயலுமா என்பதைத் தாங்கள் இப்பகுதியிலேயே தெரிவிக்கவேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்,
மன்னார்குடி.